ஷூ போடுவதும் ஷூவோடு நிற்பதும்: 'வேர்' என்ற ஆங்கில வினையைக் கொரியருக்கு விளக்குவது

தாங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பணிபுரியும் கொரியப் பொறியாளருக்கும் அவர் மனைவிக்கும் ஆங்கிலம் சொல்லித்தருகிறீர்கள். 'வேர்' (wear, அணிந்திருத்தல்) என்ற ஆங்கில வினைக்கு ஈடாகக் கொரிய மொழியில் ஏழெட்டு வினைகள் இருப்பதை அறிந்து, அவற்றை எழுதி எதிரே 'வேர்' என்று குறித்துக் கொடுத்தீர்கள்; இருவரும் ஒரே நாளில் அதை மனப்பாடம் செய்துவிட்டார்கள். இருந்தும், வகுப்பு முடிந்து வாசலில் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே அந்த அம்மையார் 'ஐ ஆம் வேரிங் மை ஷூஸ், ப்ளீஸ் வெயிட்' என்கிறார். பட்டியலில் எந்தச் சொல்லைத் தவறவிட்டேன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் எந்தச் சொல்லையும் தவறவிடவில்லை. அந்தப் பட்டியல் தீர்க்கும் சிக்கல் ஒன்று, அம்மையாருக்கு இருக்கும் சிக்கல் வேறொன்று என்பதே என் பதில்.

சொல்வதற்கு எனக்குள்ள தகுதியையும் அதன் எல்லையையும் முன்னரே தெரிவித்துவிடுகிறேன். ஹூண்டாய் நிறுவனம் 1996-ல் இங்கு பதிவாகி, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சாண்ட்ரோ காரை உருவாக்கத் தொடங்கியதிலிருந்து சென்னையைச் சுற்றிக் கொரியக் குடும்பங்கள் பெருகின. அவ்வாறு வந்தவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். கொரிய மொழியை என் மாணவர்களிடமிருந்தும் இலக்கண நூல்களிலிருந்தும் கற்றேன். தாய்மொழியாளரின் செவி எனக்கு இல்லை. மேலும் என் மாணவர்கள் அனைவரும் பெரியவர்கள். எனவே கீழே நான் கூறும் பயிற்சி முறைகள் சிறு குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று உறுதி கூற மாட்டேன். கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒலி ஓரளவுக்குத்தான் ஒத்துவரும்.

முதலில் உங்கள் பட்டியல். உடம்பிலும் கால்களிலும் அணியும் ஆடைக்கு 'இப்தா', பாதத்தில் அணியும் ஷூ, காலுறை ஆகியவற்றுக்கு 'ஷின்தா', தலையிலும் முகத்திலும் அணிபவற்றுக்கு 'ஸுதா', விரலிலோ கையிலோ இறுக்கமாகப் பொருந்தும் மோதிரத்துக்கும் கையுறைக்கும் 'கிதா', மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றிப் பூட்டும் கடிகாரம் முதலியவற்றுக்கு 'சாதா', முடிச்சிட்டுக் கட்டும் டைக்கும் இழுத்து மாட்டும் சீட் பெல்ட்டுக்கும் 'மேதா', காதணி போன்ற அணிகலன்களுக்குப் பொதுவாக 'ஹாதா' என்பது மிகவும் உறுதியான பகுதி. உறுதியில்லாத ஓரங்களும் உண்டு. மூக்குக் கண்ணாடிக்குச் சிலர் 'ஸுதா' என்பார்கள், சிலர் 'கிதா' என்பார்கள், முகக்கவசத்துக்கும் அப்படியே. உங்கள் மாணவர் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்தால், இருவரில் ஒருவரைத் திருத்தப் போகாதீர்கள். ('ஸுதா'வின் முதல் உயிரொலி நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமானது. 'பாட்டு' என்பதன் கடைசி உகரத்தைப் போல இதழ் குவியாமல் சொன்னால் கொரியர் மகிழ்ந்துபோவார்கள்.)

பல சொற்களிலிருந்து ஒரு சொல்லுக்கு வருவது கற்பவருக்குக் கடினமன்று. ஏழு கதவுகள் உள்ள வீட்டிலிருந்து ஒரு கதவுள்ள வீட்டுக்குக் குடிபோகிறவருக்கு எந்தச் சாவி என்ற குழப்பம் ஏது? தடுமாற்றம் எதிர்த்திசையில் செல்பவருக்குத்தான்: கொரியம் கற்கும் ஆங்கிலேயர் தொப்பிக்கு 'இப்தா' போட்டுச் சிரிப்புக்கு ஆளாவார். தமிழர்களாகிய நாம் இதை எளிதில் உணரலாம். சேலையைக் கட்டுகிறோம், சட்டையைப் போடுகிறோம், கடிகாரத்தைக் கட்டுகிறோம், பூவை வைக்கிறோம், பொட்டையும் வைக்கிறோம், சென்ட் அடிக்கிறோம், தாடி வைத்துக்கொள்கிறோம். இத்தனைக்கும் ஈடாக ஆங்கிலத்தில் 'வேர்' ஒன்றே போதும் என்று பள்ளியில் கேட்டபோது நமக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

இங்கே ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் அதை மேற்கோள் காட்டிப் பலர் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். சூன்ஜா சோய், மெலிசா பவர்மன் என்ற இரு அறிஞர்கள் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், கொரியக் குழந்தைகள் இரண்டு வயது நிறைவதற்கு முன்பே 'கிதா' என்ற வினையை, ஒன்றோடொன்று இறுக்கமாகப் பொருந்தும் செயலுக்குப் பயன்படுத்துவதைக் காட்டினார்கள். ஆங்கிலக் குழந்தைகளோ அந்த வயதில் உள்ளே, மேலே என்ற வேறுபாட்டின் வழியே உலகைப் பிரிக்கிறார்கள். பின்னர் 2004-ல் சூசன் ஹெஸ்போஸ், எலிசபெத் ஸ்பெல்கி இருவரும், ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஐந்து மாதக் குழந்தையும் இறுக்கம், தளர்வு என்ற வேறுபாட்டைக் கவனிக்கிறது என்று நிறுவினார்கள். ஆகவே கொரியரின் மனம் வேறு விதமாக வார்க்கப்பட்டுவிட்டது, அதனால்தான் 'வேர்' அவர்களுக்கு எட்டவில்லை என்ற பேச்சுக்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை. வளர்ந்தவர்கள் இரண்டாம் மொழியில் செய்யும் பிழையைப் பற்றி இவை எதுவும் சொல்லவில்லை. அதைப் பற்றி நான் இனிச் சொல்வது வகுப்பறையில் கண்டதிலிருந்து நானே ஊகித்தது.

சிக்கல் உண்மையில் தொடங்கும் இடம், வினையின் வாலில் ஒட்டும் 'கோ இத்தா' என்ற துணைவினை. 'இப்தா' என்றால் ஆடையை உடம்பில் ஏற்றும் செயல். அதனோடு 'கோ இத்தா' சேர்ந்து 'இப்கோ இத்தா' ஆனால் இரண்டு பொருள்கள் பிறக்கின்றன: ஒன்று, சட்டையின் கைக்குள் கையை நுழைத்துக்கொண்டிருக்கிறார், மற்றொன்று, எப்போதோ போட்ட சட்டையோடு இருக்கிறார். சூழலைப் பார்த்துத்தான் எது என்று கொரியர் முடிவு செய்கிறார். இந்த இரட்டைப் பொருள் எல்லா வினைகளிலும் தோன்றுவதில்லை. 'சாப்பிடு' என்ற வினையோடு 'கோ இத்தா' சேர்ந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டுமே பொருள். உட்கார், நில் போன்ற வினைகளுக்கு, அந்நிலையில் இருப்பதைச் சொல்ல 'ஆ இத்தா', 'ஓ இத்தா' என்ற தனி வடிவம் இருக்கிறது. தன் உடம்பிலேயே முடியும் அணிதல் போன்ற வினைகளில்தான், செயலும் அதன் பின்விளைவான நிலையும் ஒரே வடிவத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலமோ இவ்விரண்டையும் இரு வேறு வினைகளாகவே அறுத்துவைத்திருக்கிறது: ஏற்றும் செயல் 'புட் ஆன்', ஏற்றியபின் உள்ள நிலை 'வேர்'. உங்கள் பட்டியலில் 'ஷின்தா'வுக்கு எதிரே 'வேர்' என்று எழுதினீர்கள். ஷூவை மாட்டும் செயலுக்கு அவர் மொழியில் உள்ள சொல் 'ஷின்தா'. அதற்கு நீங்கள் கொடுத்த ஆங்கிலச் சொல் 'வேர்'. ஆகவே அந்த அம்மையார் பிழை செய்யவில்லை, உங்கள் பட்டியலைத்தான் பின்பற்றினார்.

நல்ல ஆங்கில–கொரிய அகராதிகள் இதை அறிந்தே 'வேர்' என்பதற்கு 'இப்கோ இத்தா' என்று வாலோடு பொருள் தருகின்றன. ஆனால் மாணவர் வாலை உதறிவிட்டுத் தலையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்கிறார். வாலோடு நினைவில் வைத்தாலும் அந்த வாலே இரு பொருள்படுவதால் பெரிய காப்பில்லை.

இந்த இடத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு ஒரு வசதியும் ஒரு கண்ணியும் சேர்ந்தே இருக்கின்றன. வசதி என்னவெனில், கொரியம் ஒன்றாக வைத்திருப்பதைத் தமிழ் தெளிவாகப் பிரிக்கிறது. 'ஷூ போட்டுக்கொண்டிருக்கிறார்' என்றால் வாசலில் குனிந்திருக்கிறார். 'ஷூ போட்டிருக்கிறார்' என்றால் காலில் ஷூ இருக்கிறது. நடுவில் உள்ள 'கொண்டு' ஒன்றே இரண்டையும் பிரித்துவிடுகிறது. ஆகவே ஆங்கில வாக்கியம் ஒன்றில் 'வேர்' வருமா, 'புட் ஆன்' வருமா என்ற ஐயம் உங்களுக்கே எழுந்தால், தமிழில் சொல்லிப் பார்த்து உடனே தீர்த்துக்கொள்ளலாம். கண்ணி என்னவெனில், தமிழில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம் ஆங்கிலம் பேசும்போது அந்தத் தெளிவைக் கைவிட்டுவிடுகிறோம். 'வேர் யுவர் ஸ்லிப்பர்ஸ் அண்ட் கம்' என்று குழந்தையிடம் சொல்லாத வீடு நம்மில் குறைவு. நம் நாட்டு ஆங்கிலத்தில் அது பரவலான வழக்கு, நமக்குள் புரிந்தும் விடுகிறது. அதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மாணவர் நாளை வேறொரு நாட்டுக் கிளைக்கு மாறிப்போகக்கூடியவர். நீங்கள் வாசலில் நின்று அப்படிச் சொல்வதை அவர் கேட்டிருந்தால், பட்டியலைவிட ஆழமாக அதுவே பதிந்திருக்கும். இதைப் பழியாகச் சொல்லவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், ஒரு மாணவர் தம் தேர்வுப் புத்தகத்தைத் திறந்து காட்டும் வரை.

அந்தத் தேர்வு டோயிக். 1982 முதல் கொரியாவில் நடைபெறும் இந்த ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் வேலைவாய்ப்புக்கும் பதவி உயர்வுக்கும் பெரிதும் கேட்கப்படுவதால், உங்கள் பொறியாளர் அநேகமாக அதை எழுதியிருப்பார். கேட்டல் பகுதியின் முதல் பிரிவில் ஒரு படத்தைக் காட்டி, நான்கு வாக்கியங்களை ஒலிக்கவிட்டு, எது பொருந்தும் என்று கேட்பார்கள். தலைக்கவசம் அணிந்து வேலை செய்யும் ஒருவரின் படத்துக்கு 'ஹி இஸ் புட்டிங் ஆன் எ ஹெல்மெட்' என்ற வாக்கியம் வந்தால் அது பொறி. 'வேரிங்' என்பதே விடை. கொரியப் பயிற்சி நிலையங்களில் இது பழம்பெரும் பாடம். 'வேரிங்' என்றால் 'சாங்தே', 'புட்டிங் ஆன்' என்றால் 'தோங்ஜாக்' என்று மாணவர்கள் உருப்போட்டிருப்பார்கள். முன்னது நிலை, பின்னது செயல். ஆகவே அவரிடம் புதிதாக எதையும் நீங்கள் விளக்க வேண்டியதில்லை. 'சாங்தே', 'தோங்ஜாக்' என்ற இரு சொற்களைச் சொன்னாலே அவர் முகத்தில் பழைய பாடம் நினைவுக்கு வருவது தெரியும். படத்தைப் பார்த்து விடை குறிக்கக் கற்றவர் தம் வாயால் பேசும்போது அதைப் பயன்படுத்தக் கற்கவில்லை, அவ்வளவே.

பேச்சில் பயன்பட நான் கையாளும் உரைகல் ஒன்று உண்டு. கொரிய மொழியில் செயலை மட்டும் ஐயமின்றிக் காட்டும் இன்னொரு வடிவம் இருக்கிறது: 'இம்னுன் ஜுங்', அதாவது 'அணியும் நடுவில்'. ஷூவுக்கானால் 'ஷின்னுன் ஜுங்'. மாணவர் சொல்ல நினைக்கும் வாக்கியத்தில் 'கோ இத்தா'வை எடுத்துவிட்டு 'ஜுங்' வடிவத்தை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பொருள் கெடாமல் நின்றால் ஆங்கிலத்தில் 'புட்டிங் ஆன்'. நகைப்புக்கு இடமாகிவிட்டால் 'வேரிங்'. அலுவலகத்தில் எட்டு மணி நேரமாகச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவரைச் 'சட்டை அணியும் நடுவில் இருக்கிறார்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா? இரண்டு மூன்று வாரங்களில் இந்தச் சோதனை மனத்துக்குள் தானே நடக்கத் தொடங்கிவிடும். இதோடு வாசலையே வகுப்பாக்குங்கள். கொரிய வீட்டிலும் நம் வீட்டிலும் காலணியை வாசலில் கழற்றும் வழக்கம் இருப்பதால், ஒவ்வொரு வகுப்பின் தொடக்கமும் முடிவும் தானாகவே ஒரு பயிற்சிக்கு இடம் தருகின்றன. குனிந்திருக்கும்போது ஒரு வாக்கியம், நிமிர்ந்தபின் ஒரு வாக்கியம். 'ஷினுன் சே' என்று அவர்கள் சொல்லும் 'ஷூ போட்டபடியே' என்ற தொடருக்கு ஆங்கிலத்தில் 'வித் யுவர் ஷூஸ் ஆன்' என்பதையும் அங்கேயே சேர்த்துவிடலாம்.

ஆங்கிலத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கொரியம் உடலுறுப்பைப் பார்த்து வினையை மாற்றுகிறது. ஆங்கிலம் அப்படி மாற்றுவதில்லை என்கிறோம். ஆனால் ஆங்கிலமும் செயலைச் சொல்லும்போது மாற்றத்தான் செய்கிறது. டையை 'டை' என்ற வினையாலேயே கட்டுவார்கள், சீட் பெல்ட்டை 'ஃபாஸன்' செய்வார்கள், கான்டாக்ட் லென்ஸை 'புட் இன்' செய்வார்கள், சட்டையைப் 'புட் ஆன்' செய்வார்கள். போட்டு முடித்த மறுகணம் எல்லாம் 'வேர்' ஆகிவிடுகிறது. செயலில் பன்மை, நிலையில் ஒருமை. இதை மாணவரிடம் சொல்லும்போது, அவர்கள் மொழியில் இதற்கு ஓரளவு இணையாக உள்ள 'சாக்யோங்' என்ற சொல்லைத் துணைக்கு அழைக்கலாம். சீனச் சொல்வழி வந்த இது, தொழிற்சாலை அறிவிப்புப் பலகைகளில் தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, கண்ணாடி எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதப்படுவது. உறுப்பு பார்க்காத ஒரே அணிதல் வினை தம் மொழியிலும் இருக்கிறது என்று கண்டதும் 'வேர்' என்பதன் பொதுமை அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆனால் அது எழுத்து வழக்கு. வீட்டில் யாரும் 'சாக்யோங்' என்று பேசுவதில்லை. செயல், நிலை வேறுபாட்டையும் அது காட்டித்தராது.

கறாரான விதி ஒன்றைத் தந்துவிட்டு நகர்ந்தால் விரைவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. 'இட்ஸ் கோல்ட், வேர் எ கோட்' என்பது எந்த ஆங்கிலேயரும் சொல்லும் இயல்பான வாக்கியம். கட்டளையாக இருப்பதால் இது செயல்போலத் தோன்றும். உண்மையில் 'கோட்டோடு போ' என்ற நிலையைத்தான் அது கேட்கிறது. 'புட் ஆன் யுவர் கோட்' என்றால் இப்போதே கையை நுழை என்று பொருள். இன்றிரவு விருந்துக்கு எதை உடுத்துவது என்று கேட்கும்போதும், தலைக்கவசம் அணிய வேண்டும் என்று அறிவுறுத்தும்போதும் 'வேர்' என்பதே வரும். இந்த எல்லைப் பகுதியில் இரண்டு வினைகளும் ஒன்றுக்கொன்று மிக அருகில் வருவதால், மாணவர் எதைச் சொன்னாலும் நான் திருத்துவதில்லை. அந்தக் கணத்தில் கண்முன் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு 'வேரிங்' வந்தால் மட்டும் திருத்துகிறேன். அதேபோல 'ஷி வேர்ஸ் கிளாசஸ்' என்பது கண்ணாடி அணியும் வழக்கமுள்ளவர் என்பதையும், 'ஷி இஸ் வேரிங் கிளாசஸ்' என்பது இந்த நேரத்தில் அணிந்திருக்கிறார் என்பதையும் காட்டும். நிலையைச் சொல்லும் வினை எப்படி 'இங்' ஏற்கும் என்று இலக்கணம் படித்த மாணவர் மடக்குவார். கழற்றி வைத்துவிடக்கூடிய தற்காலிக நிலை என்பதால் ஏற்கிறது என்ற விடை போதும்.

அடுத்து, நீங்கள் கேட்காதது. ஆனால் கேட்கப் போவது. 'சிவப்புத் தொப்பி போட்ட ஆள்' என்று நாம் சொல்கிறோம். தொப்பி இப்போதும் தலையில்தான் இருக்கிறது. 'போட்ட' என்பதோ இறந்தகாலப் பெயரெச்சம். கொரியத்திலும் அச்சாக இதே அமைப்பு: 'ஸுன் ஸாராம்', தொப்பி போட்ட ஆள். இதை அப்படியே பெயர்த்தால் 'தி மேன் ஹூ வோர் எ ரெட் ஹேட்' என்று வரும். கேட்பவர், அந்த ஆள் தொப்பியைக் கழற்றிவிட்டார் அல்லது இது வேறொரு நாளின் கதை என்று நினைத்துக்கொள்வார். பெயரெச்சத்தில் மட்டுமன்று, முற்றுவினையிலும் கொரியர் இறந்தகாலத்தை இட்டு இப்போதைய தோற்றத்தைச் சொல்வதுண்டு. இங்கே வினையைச் சரிசெய்ய முயல்வதைவிட வினையையே விட்டுவிடச் சொல்வது நல்லது: 'தி மேன் இன் த ரெட் ஹேட்', 'தி உமன் வித் கிளாசஸ்'. உடைக்கும் தொப்பிக்கும் 'இன்', கண்ணாடிக்கும் தாடிக்கும் 'வித்'. ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் ஆளை அடையாளம் காட்டும் வழியும் பெரும்பாலும் இதுவே.

குழந்தை உள்ள வீடு என்றால் பிறவினையும் வந்து நிற்கும். 'இப்தா' என்பதற்கு 'இபிதா', 'ஷின்தா' என்பதற்கு 'ஷின்கிதா' என்று, பிறருக்கு அணிவிப்பதற்குத் தனி வடிவங்கள் கொரியத்தில் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. 'வேர்' என்பதற்குப் பிறவினை கிடையாது. அதனால் குழந்தைக்குச் சட்டை போட்டுவிட்டேன் என்பதை அவர்கள் 'ஐ வோர் மை பேபி' என்று தொடங்கிப் பாதியில் திகைத்து நிற்பார்கள். நாமோ 'ஐ மேட் ஹிம் வேர்' என்று ஒட்டுப்போட்டுச் சமாளிப்போம், அதில் பிள்ளை அடம்பிடிக்க அதட்டி உடுத்திய தொனி ஏறிவிடும். 'ஐ புட் த ஷர்ட் ஆன் ஹிம்' அல்லது 'ஐ டிரெஸ்ட் ஹிம்' என்பதே நேர்வழி. துணிக்கடையில் இன்னொரு வாக்கியம் தேவைப்படும். நாம் 'போட்டுப் பார்' என்பதைப் போலவே அவர்களும் 'இபோ போதா' என்கிறார்கள். 'போதா' என்றால் பார் என்றுதான் பொருள். அதற்கு ஆங்கிலத்தில் 'டிரை ஆன்'. 'கேன் ஐ வேர் திஸ்?' என்று விற்பனையாளரிடம் கேட்டால், விலை கொடுக்காமலே உடுத்திக்கொண்டு போக அனுமதி கேட்பதுபோல் இருக்கும்.

இத்தகைய ஒப்புமைகளைக் கண்டதும் தமிழும் கொரியமும் ஒரே குடும்பம் என்ற பேச்சு வகுப்பில் கிளம்பும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-ல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். இன்றைய வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. வினை இறுதியில் வரும் மொழிகளில் இத்தகைய துணைவினைகள் தனித்தனியே வளர்வது இயல்பு. ஒப்புமையைக் கற்பிக்கும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொண்டுபோக வேண்டாம்.

பட்டியலால் வரும் வேறு வகைத் தொல்லை ஒன்றும் உண்டு; அது சிறியது, ஆனால் மறக்க முடியாதது. தொப்பிக்கு வரும் 'ஸுதா'வே குடைக்கும் வரும். தலைக்கு மேல் இருப்பது இரண்டும் தானே. ஆகவே மழைநாளில் 'ஐ வோர் ஆன் அம்ப்ரெல்லா' என்று ஒருவர் சொல்லக் கேட்டால் வியக்காதீர்கள். எழுது, பயன்படுத்து, கசப்பாயிரு என்ற பொருளுடைய சொற்களும் அதே ஒலியில் இருப்பதால், கைபேசி மொழிபெயர்ப்பை நம்பினால் இன்னும் விபரீதம் விளையும். மறுபுறத்தில், கொரியர் அணிதலாகக் கருதாத பலவற்றை ஆங்கிலம் 'வேர்' என்பதன்கீழ் வைக்கிறது: வாசனைத் திரவியம் (அவர்களும் நம்மைப்போல் தெளிக்கத்தான் செய்கிறார்கள்), ஒப்பனை, தாடி, கூந்தலை நீளமாக விட்டிருப்பது, முகத்தில் ஒரு புன்னகை. இவற்றைத் தனித்தனியாக, எதிர்ப்படும்போது கற்றுக்கொள்ள விடுங்கள். கழற்றுவதைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். அவர்கள் மொழியிலேயே ஆடை, ஷூ, தொப்பி, கண்ணாடி எல்லாவற்றுக்கும் 'பொத்தா' என்ற ஒரே வினை வருகிறது. கட்டியதை அவிழ்ப்பதும் செருகியதை உருவுவதும் மட்டும் வேறு. 'டேக் ஆஃப்' எளிதில் வந்துவிடும்.

கடைசியாக, 'வேர் அவுட்' என்பதை இப்போதே சொல்லித்தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். மனைவிக்கு வேண்டாம், கணவருக்குச் சொல்லலாம். டயர் தேய்வு, பிரேக் பேட் தேய்வு ஆகியவற்றை அவர் துறையில் 'மாமோ' என்பார்கள். ஆங்கில வரைபடங்களில் அதற்கு 'வேர்' என்று இருப்பதை அவர் தினமும் பார்ப்பார். ஆடையோடு அதற்கு என்ன தொடர்பு என்று அவருக்கு உள்ளூர ஒரு வியப்பு இருந்திருக்கும். பழைய ஆங்கிலத்தில் 'வெரியன்' என்று உடுத்துவதைக் குறித்த வினை, உடுத்த உடுத்தத் துணி நைந்துபோவதால் தேய்தல் என்ற பொருளையும் பின்னர் ஏற்றது என்பது அகராதியாளர் பொதுவாக ஏற்கும் விளக்கம். 'வோர்', 'வோர்ன்' என்ற ஒழுங்கற்ற வடிவங்களும் அதற்குப் பிறவியிலேயே வந்தவை அல்ல. 'பேர்' (bear), 'டேர்' (tear) போன்ற ஓசை ஒத்த வினைகளைப் பார்த்து இடைக்கால ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டது. இதைக் கேட்டபின் என் பொறியாளர் மாணவர் ஒருவர், தம் பழைய பாதுகாப்புக் காலணியின் அடிப்பகுதியைத் திருப்பிக் காட்டி, 'ஐ வோர் தெம், ஸோ தே வோர் அவுட்' என்றார். அந்த வாக்கியத்தில் நான் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.